முழு உருவப் படம் எதற்கு?

புத்தளம், கற்பிட்டி, சிலாபம் கரையோரத்தில் கடையும் ஹோட்டலும் கம்பனியும் நடத்தி, வேலைக்கு ஆள் எடுக்கும் முதலாளிமாருக்கும் முகாமையாளர்மாருக்கும் ஒரு திறந்த மடல்



உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். பெயர் தெரியாதவர்களுக்கும் கடையைத் தெரிந்திருக்கும். புத்தளம் பஸ் நிலையத்திலிருந்து நடந்து வருகிற தூரத்தில் ஒரு சின்னக் கொமினிகேஷன். போட்டோ கொப்பி, டைப்பிங், லமினேட்டிங், பாஸ்போட் அளவுப் படம். பதினெட்டு வருடமாக நடத்துகிறேன். உங்களுடைய 'ஆட்கள் தேவை' நோட்டீஸ்களை அடித்துத் தருகிறவள் நான். அந்த நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்குப் பயோடேட்டா அடித்துக் கொடுக்கிறவளும் நான். ஒரே கணினி, ஒரே மேசை. உங்கள் பேச்சும் எனக்குக் கேட்கும், அவர்களுடைய பேச்சும் கேட்கும். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் உடப்பிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். தகப்பன் கரைவலைக்காரர். உயர்தரம் முடித்து, ஹோட்டல் வரவேற்புப் பிரிவுக்கான என்.வி.கியூ. நான்காம் தரச் சான்றிதழும் வைத்திருந்தாள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் தடங்கலில்லாமல் பேசினாள். கற்பிட்டிப் பக்கம் ஒரு ஹோட்டலுக்கு விண்ணப்பிக்க வேண்டும், முழு உருவப் படம் வேண்டும் என்றாள். படம் எடுத்தேன். திரையில் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு மெதுவாக, "அக்கா, மூஞ்சைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி விடுவீங்களா" என்று கேட்டாள்.

செய்தேன். இப்படிக் கேட்ட முதல் பிள்ளை அவளல்ல. முகத்தை வெளிறச் செய்ததும் கழுத்து வேறு நிறமாகத் தெரிந்தது. கழுத்தையும் வெளிறச் செய்தேன். இப்போது காது இரண்டும் தனியாகக் கறுத்து நின்றன. அதையும் சரிசெய்தேன். "கை?" என்றாள். முழு உருவப் படமல்லவா, கையும் தெரிகிறது. விடுமுறை நாளில் வாடியில் மீன் காயப்போட்ட கை அது. முழங்கைக்குக் கீழே வெயில் பட்ட இடமும் மேலே சட்டை மறைத்த இடமும் கோடு போட்டதுபோலப் பிரிந்து கிடந்தன. அந்தக் கோட்டையும் அழித்தேன். முடித்துப் பார்த்தபோது படத்தில் இருந்தது வேறு யாரோ. பிள்ளைக்குச் சந்தோஷம். நான்கு படம் எடுத்துக்கொண்டு போனாள்.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தாள். நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போனாள். உள்ளே இருந்தவர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்தப் படத்தில் இருக்கிற ஆள் நீங்களா?" என்று கேட்டாராம். சான்றிதழைப் புரட்டவில்லை. ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்கவில்லை. பிறகு அறிவிப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். "வேற படம் எடுப்பமா அக்கா" என்று கேட்கத்தான் வந்திருந்தாள். அந்த ஹோட்டலின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஒரு ஹோட்டலோடு முடிகிற விஷயமாக இருந்திருந்தால் அங்கேயே போய்ப் பேசியிருப்பேன்.

அந்தப் படத்தில் ஒரு பொய் இருந்தது. அதைச் செய்த கை என்னுடையது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொய் இல்லாமல் உங்கள் வாசல்வரைகூட வர முடியாது என்று அந்தப் பிள்ளைக்கு யார் கற்றுக் கொடுத்தது? நீங்கள் எழுதித் தருகிற நோட்டீஸ்தான். அடிக்கடி அடித்து எனக்கு அது மனப்பாடம். வரவேற்பாளர் தேவை. பெண். வயது 18 முதல் 25. இனிய தோற்றம். முழு உருவப் படத்துடன் விண்ணப்பிக்கவும். ஐந்து வரியில் நான்கு வரி உடம்பைப் பற்றியது. எந்த மொழி தெரிய வேண்டும், இரவு வேலை உண்டா, தங்குமிடம் தருவீர்களா, சம்பளம் எவ்வளவு, ஒன்றும் இல்லை.

'இனிய தோற்றம்' என்றால் என்ன என்று உங்களில் ஒருவரிடம் ஒருமுறை கேட்டேன். சிரித்த முகம், சுத்தமான உடுப்பு, மரியாதையான பேச்சு என்றார். நல்ல விஷயந்தானே, அப்படியே அடித்து விடட்டுமா என்றேன். சற்று யோசித்துவிட்டு, "வேணாம், இப்படியே இருக்கட்டும், ஆட்களுக்கு விளங்கும்" என்றார். உண்மைதான், ஆட்களுக்கு நன்றாக விளங்குகிறது. நிறம் குறைந்தவள் வராதே. பருத்தவள் வராதே. பல் எடுப்பானவள், கன்னத்தில் தழும்புள்ளவள், கையில் வெண்புள்ளி உள்ளவள் வராதே. முப்பது தாண்டியவளும் ஒரு பிள்ளையைப் பெற்றவளும் வராதே. கல்யாணப் பேச்சில் பெண் பார்க்கப் போகிற இடத்தில் பேசுகிற பேச்சு இது. அதைக் கொண்டுவந்து வேலை மேசையில் வைத்திருக்கிறீர்கள். கல்யாணப் பேச்சிலேயே அது அநியாயம் என்று நினைக்கிறவள் நான். வேலையில் அது வயிற்றில் அடிப்பது.

ஆண் பிள்ளைகளும் இதில் தப்புவதில்லை. டொல்பின் பார்க்க வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு போகிற படகில் வெயிலில் வெந்த பையன்தான் வேண்டும். நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை எந்த நேரம் எந்தப் பக்கம் டொல்பின் கூட்டம் நிற்கும் என்று அவனுக்குத்தான் தெரியும். தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டால் கைட் சேர்பிங் காரருக்குக் கயிறு பிடிக்கவும் அவன்தான் வேண்டும். அதே பையன் உள்ளே, விருந்தாளியின் பெயர் பதிகிற மேசையில் உட்கார ஆசைப்பட்டால், "அவன் வெளி வேலைக்குச் சரி" என்கிறீர்கள். கறுப்பைக் கடலில் வைத்திருக்கிறீர்கள், மேசைக்கு மட்டும் வேறு நிறம் தேடுகிறீர்கள்.

இந்தக் கரையில் நின்று நிறம் பேசுவதுதான் எனக்கு ஆறவே ஆறுவதில்லை. ஏனென்றால் நம்முடைய மாவட்டம் எத்தனை முகங்களால் ஆனது என்று உங்களுக்குத் தெரியாததல்ல. புத்தளம் நகரத்திலிருந்து அனுராதபுரம் போகிற பாதைப் பக்கம் சிராம்பியடி இருக்கிறது. ஆபிரிக்காவிலிருந்து போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அடிமையாகவும் படையாளாகவும் கொண்டுவந்த மனிதர்களின் வழிவந்தவர்கள் அங்கே வாழ்கிறார்கள். இந்த நாட்டில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். அவர்களுடைய முன்னோர் பேசிய போர்த்துக்கேயக் கலப்பு மொழி இன்று அநேகமாகப் பாட்டில்தான் மிச்சம் இருக்கிறது. மஞ்ஞா என்று சொல்கிற அந்தப் பாட்டைக் கேட்க வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் வந்து போகிறார்கள். நம் வீடுகளிலோ, தலைமுடி சுருண்ட பிள்ளையை 'காப்பிரி முடி' என்று சொல்லி அழவைக்கிறோம். இருநூறு, முந்நூறு வருடமாக நம்மோடு இருக்கிறவர்களின் பெயரை எடுத்து வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம்.

உங்களிடம் நேராகக் கேட்கிறேன். அந்தப் பாட்டைப் பாட அவர்களை மேடைக்கு அழைப்போம், கைதட்டுவோம், படம் எடுப்போம். உங்கள் ஹோட்டலின் வரவேற்பு மேசையில், உங்கள் கம்பனியின் காசாளர் இருக்கையில், உங்கள் துணிக்கடைக் கவுண்டரில் சிராம்பியடிப் பிள்ளை ஒன்றை எப்போதாவது உட்கார வைத்தீர்களா? வைத்தவர் இருந்தால் அவருக்கு என் ஸலாம். வைக்காதவர், ஏன் வைக்கவில்லை என்று இன்று இரவு தன்னையே கேட்டுப் பார்க்கட்டும்.

நிறத்தோடு நிற்கவில்லை இது. உடுப்புக்கும் வந்துவிட்டது. நான் தலையில் துண்டு போடுகிறவள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு, மன்னாரிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக் கரையில் இறங்கிய முஸ்லிம் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. எழுபத்தையாயிரம் பேரளவில் அப்போது வீடிழந்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆலங்குடாவில் ஓலைக் குடிசையில் இருந்துகொண்டு பள்ளிக்கூடம் போன காலத்தில், நான் கிட்ட வரும்போதே என் சட்டையைப் பார்த்து "அகதி" என்று சொல்லிவிடுவார்கள். வாய் திறக்கத் தேவையில்லை. அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் 2019க்குப் பிறகு நடந்தவற்றைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அந்த வருடம் ஏப்ரல் 21இல் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடந்த படுகொலை நம் எல்லோருடைய நெஞ்சையும் பிளந்தது. மே மாதம் சிலாபத்தில் ஒரு முகநூல் பதிவைப் பிடித்துக்கொண்டு முஸ்லிம்களுக்கு எதிராகத் தொடங்கிய கலவரம் நம் மாவட்டத்துக்குள்ளேயே பரவியது. கொட்டாரமுல்லையில் ஒருவரை அவர் வீட்டு வாசலிலேயே வெட்டிக் கொன்றார்கள். அதே மே மாத முடிவில் பொது நிருவாக அமைச்சு ஒரு சுற்றுநிருபம் வெளியிட்டது. அரச அலுவலகங்களில் பெண்கள் சேலை அல்லது ஒசரிதான் உடுத்த வேண்டும் என்றது அது. அபாயா போட்டு வேலை பார்த்த பெண்கள் அடுத்த நாள் காலையில் அலுவலக வாசலில் நிற்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்கள். எதிர்ப்பு எழுந்தது, மனித உரிமைகள் ஆணைக்குழு தலையிட்டது, பிறகு அந்தச் சுற்றுநிருபம் திருத்தப்பட்டது. அதற்கு ஒரு வருடம் முன்பே, 2018இல், திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் அபாயா அணிந்த ஆசிரியைகளுக்கு எதிராகப் போராட்டம் நடந்து, அவர்கள் வேறு பள்ளிக்கூடங்களுக்குப் போக வேண்டி வந்தது. அந்த விஷயத்திலும் ஆணைக்குழு ஆசிரியைகளின் பக்கமே நியாயம் இருப்பதாகச் சொன்னது. அவர்கள் கற்பித்த பாடத்தில் குறை என்று ஒருவரும் பேசவில்லை. பேச்செல்லாம் உடுப்பைப் பற்றித்தான்.

அரச இடத்தில் இப்படி நடந்தால் கேட்க ஒரு கதவாவது இருக்கிறது. உங்கள் இடத்தில்? "டூரிஸ்ட் வாற இடம், ஸ்காப் போட்டாக்கள் வேணாம், ஆனா அதை நோட்டீஸில போடாதீங்க" என்று ஒருவர் என் மேசைக்கு முன்னால், துண்டு போட்டிருக்கிற என்னிடமே சொன்னார். அவர் கெட்டவரல்ல. என் தலை அவர் கண்ணில் படவில்லை, அவ்வளவு பழகிவிட்டது. மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நியாயமானவளல்ல. எங்கள் ஆட்களுடைய கடையிலும் தலையை மூடாத பிள்ளையைத் திருப்பி அனுப்பிய கதை எனக்குத் தெரியும். துண்டைக் கழற்று என்பதும் துண்டைப் போடு என்பதும் வேலை கேட்டு வந்த பிள்ளைக்கு ஒன்றுதான்.

சட்டத்தை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் "சட்டத்தில் ஒன்றும் இல்லையே" என்று உங்களில் சிலர் சொல்வது என் காதில் விழுந்திருக்கிறது. நம் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், பிறந்த இடம் போன்ற காரணங்களால் எந்தப் பிரஜைக்கும் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. அதன் மூன்றாம் பந்தியைப் படித்துப் பாருங்கள். கடைக்கும் உணவகத்துக்கும் ஹோட்டலுக்கும் உள்ளே வருவதற்கு இப்படியான காரணங்களைச் சொல்லி எவரையும் தடுக்க முடியாது என்று எழுதியிருக்கிறது. உடப்புப் பிள்ளை காசோடு வந்தால் உங்கள் ஹோட்டலில் உட்கார்ந்து தேநீர் குடிக்க அவளுக்கு உரிமை உண்டு. சான்றிதழோடு வந்தால் அந்த உரிமை அவளைக் காப்பாற்றாது. அடிப்படை உரிமை மனு போடுவது அரசின் நிருவாகச் செயலுக்கு எதிராகத்தான். தனியார் முதலாளி எவரை எடுத்தார், எவரை விட்டார் என்பது அதற்குள் வராது.

ஆனாலும் நாடு ஒன்றும் சொல்லவில்லை என்று ஆகாது. சர்வதேச தொழில் தாபனத்தின் 111ஆம் இலக்க உடன்படிக்கையை இலங்கை 1998இல் ஏற்றது. வேலையில் பாகுபாடு பற்றிய அந்த உடன்படிக்கையில், எந்தக் காரணங்களால் பாகுபாடு கூடாது என்று சொல்கிற இடத்தில், இனத்துக்கு அடுத்த சொல்லே 'நிறம்' என்பதுதான். 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம், ஊனத்தைக் காரணம் காட்டி வேலைக்கு ஆள் எடுப்பதில் வேற்றுமை காட்டக் கூடாது என்று எழுதியிருக்கிறது. ஆகவே இப்படி ஒரு சட்டம் எழுத நமக்குத் தெரியாமலில்லை. தோற்றத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் கருத்து. பிரான்ஸில் 2001இலேயே உடல் தோற்றத்தை வேலைச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் உயரத்தையும் நிறையையும் காரணம் காட்டுவதை 1976இலேயே தடுத்தது. நியூயோர்க் நகரம் 2023 நவம்பரில் அதே வழிக்கு வந்தது.

"வாடிக்கையாளர் அப்படித்தான் விரும்புகிறார், நாங்கள் என்ன செய்ய?" இதுதான் உங்கள் பெரிய வாதம். இதை நான் லேசாகத் தள்ளவில்லை. வியாபாரம் செய்கிறவளுக்கு வாடிக்கையாளர் யாரென்று தெரியும். ஆனால் அந்த வாடிக்கையாளரிடம் நீங்கள் கேட்டீர்களா? அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தில் ஓர் உடுப்புக் கடை. அபர்குரோம்பி என்ற பெரிய கம்பனி. 2008இல் பதினேழு வயது முஸ்லிம் பிள்ளை ஒருத்தி தலைத்துண்டோடு நேர்முகத்துக்குப் போனாள். நேர்முகம் செய்தவர் அவளுக்கு நல்ல புள்ளிதான் போட்டார். கம்பனிக்குத் 'தோற்றக் கொள்கை' என்று ஒன்று இருந்தது, துண்டு அதற்கு ஒத்துவராது என்று மேலே இருந்தவர் சொல்லிவிட்டார். அங்கேயும் வாடிக்கையாளர் எவரும் வந்து முறையிடவில்லை. வாடிக்கையாளரின் மனசில் இருப்பதாக மேலாளர் நினைத்துக்கொண்டதுதான். 2015இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் எட்டு நீதியரசர்கள் அந்தப் பிள்ளையின் பக்கம் நின்றார்கள், ஒருவர் மட்டும் வேறு கருத்து.

கற்பிட்டிக்குப் பறந்து வருகிறவர் காற்றுக்கு வருகிறார், கடலுக்கு வருகிறார், வெயிலில் கறுத்துப்போக ஆசைப்பட்டு வருகிறார். அறையின் சுடுதண்ணீர் வரவில்லை என்றால் முறையிடுவார். பில்லில் பிழை இருந்தால் முறையிடுவார். மேசையில் இருந்த பிள்ளை கறுப்பு என்று முறையிட்டவர் ஒருவரை உங்களால் காட்ட முடியுமா? அப்படியே ஒருவர் முறையிட்டாலும், நம் ஊர்ப் பிள்ளையை அவருக்காக வெளியே அனுப்புகிற ஆட்களா நீங்கள்?

சுத்தம் வேண்டும் என்று நீங்கள் கேட்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. சமையலறையில் முடியைக் கட்ட வேண்டும், நகத்தை வெட்ட வேண்டும். சீருடை தந்தால் அதைத் துவைத்து அயர்ன் போட்டு வர வேண்டும். அதெல்லாம் ஒரு பிள்ளை இன்று இரவு செய்து நாளைக் காலையில் சரியாக வரக்கூடிய விஷயம். நிறத்தை அப்படி மாற்ற முடியாது. மாற்றப் பார்க்கிறவர்கள் படுகிற பாட்டையும் நான் பார்க்கிறேன். என் கடைக்குப் பக்கத்துக் கடையில் பெயர் தெரியாத வெள்ளையாக்கும் கிறீம்கள் சின்னச் சின்ன டப்பாவில் தொங்குகின்றன. இப்படியான கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் கலக்கிறார்கள். பாதரசம் தோலோடு நிற்பதில்லை, சிறுநீரகத்துக்குப் போகிறது. நேர்முகக் கடிதம் வந்த பிள்ளைகள் அதை வாங்கிக்கொண்டு போவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். தடுத்தால், "ராத்தா, ஒரு கிழமைக்கு மட்டுந்தான்" என்கிறார்கள். இந்தியாவில் 1975இலிருந்து விற்ற 'ஃபெயார் அன் லவ்லி' தன் பெயரிலிருந்து 'ஃபெயார்' என்ற சொல்லை 2020இல் எடுத்துவிட்டது. அவ்வளவு பெரிய கம்பனி ஒரு சொல்லை எடுத்தது. உங்கள் நோட்டீஸிலிருந்து ஒரு வரியை எடுக்க உங்களால் முடியாதா?

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமல்ல. விண்ணப்பத்தோடு படம் கேட்காதீர்கள். ஆள் யாரென்று பார்க்க அடையாள அட்டை இருக்கிறது, அதையும் வேலை கொடுத்த பிறகு பார்த்தால் போதும். 'இனிய தோற்றம்' என்று எழுதுகிற இடத்தில் உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டுமோ அதை எழுதுங்கள். மூன்று மொழியா, இரவு வேலையா, கணக்கா, பொறுமையா? காசாளர் வேண்டுமென்றால் ஒரு கட்டுக் காசைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். வரவேற்பாளர் வேண்டுமென்றால் தொலைபேசியைக் கொடுத்து, கோபத்தோடு பேசுகிற ஒரு விருந்தாளியைச் சமாளிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் ஆள் தெரிந்துவிடும். நேர்முகத்தில் உங்களோடு இன்னொருவரையும் உட்கார வையுங்கள். உங்கள் கடையில் பத்து வருடம் வேலை செய்த ஒரு பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. ஒருவரை வேண்டாமென்று சொன்னால் காரணத்தை எழுதி வையுங்கள். எழுதக் கூச்சமாக இருக்கிற காரணமாக இருந்தால் அது காரணமே அல்ல.

உங்களில் நல்லவர்கள் இருக்கிறீர்கள். முகத்தில் தீக்காயத் தழும்புள்ள ஒரு பெண்ணை, ஒரு வார்த்தையும் கேட்காமல், மருந்துக்கடைக் கவுண்டரிலேயே நிற்க வைத்திருக்கிற ஒருவரை எனக்குத் தெரியும். முதல் வாரம் வந்த சனம் அவளைப் பார்த்தது. அடுத்த வாரம் மருந்தைப் பார்த்தது. இப்போது அவள் லீவில் நின்றால், "எங்க அந்தப் பிள்ளை, அவ தந்தாத்தான் சரியா விளங்கும்" என்று கிழவிமார் கேட்கிறார்கள். அந்தக் கடை நட்டப்பட்டுப் போகவில்லை.

உடப்புப் பிள்ளைக்கு இரண்டாவது படம் எடுத்தேன். இந்த முறை அவளும் வெளிச்சமாக்கச் சொல்லவில்லை, நானும் கைவைக்கவில்லை. கையில் அந்தக் கோடு அப்படியே இருக்கிறது. அந்தப் படம் உங்களில் யாராவது ஒருவரின் மேசைக்கு வரும். வரும்போது அதை ஒரு பக்கம் கவிழ்த்து வைத்துவிட்டுச் சான்றிதழைப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த மாதம் முதல் என் கடையில் 'இனிய தோற்றம்' என்ற வரியையும் 'முழு உருவப் படத்துடன்' என்ற வரியையும் நான் அடிப்பதில்லை. மற்ற எல்லா நோட்டீஸும் அடித்துத் தருவேன். பக்கத்துக்கு முன்பு வாங்கிய அதே காசுதான்.

இப்படிக்கு,
புத்தளம் கொமினிகேஷன் கடைக்காரி